உலோகத்தின் மேல் தாமாக அடுக்கிக்கொள்ளும் கரிம மூலக்கூறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரப்பு வேதியியல் பக்கம் வரும் முதுகலை மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களில் இரண்டு விதமான ஆய்வகங்கள் மாறி மாறி வரும். ஒன்றில் தங்கத் தகட்டை எத்தனாலில் ஊறப்போடுவார்கள். இன்னொன்றில் எஃகு அறைக்குள் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, மூலக்கூறுகளை ஆவியாக்கி உலோகத்தின் மேல் படியவிடுவார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் புதியவர்கள் தவறவிடுவது ஒரே விஷயத்தை: உலோகம் சும்மா கிடக்கும் தளம் இல்லை, அதுவும் இந்த விவகாரத்தில் ஒரு கட்சி.

தன்னமைவு என்று எதைச் சொல்கிறோம்?

சுத்தமான உலோகப் பரப்பில் ஒரு கரிமச் சேர்மத்தை விடுகிறோம். யாரும் எடுத்து அடுக்காமலே அதன் மூலக்கூறுகள் சீரான இடைவெளியில், சீரான சாய்வில் அமைந்துகொள்கின்றன. அதுதான் தன்னமைவு. அதிகம் படிக்கப்பட்ட உதாரணம், தங்கத்தின் மேல் ஆல்கேன் தயோல். ஒரு முனையில் கந்தகம், பின்னால் நீளமான கார்பன் சங்கிலி. கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், சங்கிலிகள் செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ந்து நெருக்கமாக நிற்கும். பன்னிரண்டு கார்பன் கொண்ட டோடெகேன்தயோல் என்றால் படலத்தின் கனம் ஏறத்தாழ 1.5 நானோமீட்டர்.

ஒரு சதுர சென்டிமீட்டரில் நிற்கும் மூலக்கூறுகள் சுமார் 4.6 கோடி கோடி. பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் பொருளாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரே ஒரு மில்லிகிராம் டோடெகேன்தயோல் சுமார் 0.65 சதுர மீட்டரை மூடப் போதும்.

யார் சொல்லி இவை வரிசையில் நிற்கின்றன?

மூன்று விஷயங்கள் போட்டி போடுகின்றன. மூலக்கூறுக்கும் உலோகத்துக்கும் உள்ள பிடிப்பு, மூலக்கூறுகள் தங்களுக்குள் காட்டும் ஈர்ப்பு, எல்லாவற்றையும் அசைத்துக்கொண்டே இருக்கும் வெப்பம்.

அளவுகளைப் பார்த்தால் புரியும். தங்கம்–கந்தகம் பிணைப்பு மோலுக்கு 200 கிலோஜூல் அளவில் இருக்கிறது. பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையிலான வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு, ஒவ்வொரு கார்பனுக்கும் 6 முதல் 8 கிலோஜூல். தனியாகப் பார்த்தால் அற்பம். பன்னிரண்டு, பதினாறு கார்பன் என்று சேரும்போது அது நூறைத் தொட்டுவிடுகிறது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ வெறும் 2.5 கிலோஜூல். அதனால்தான் நீளமான சங்கிலிகள் படிகம் மாதிரி இறுகி நிற்கின்றன. நாலைந்து கார்பன் மட்டும் உள்ளவை கலைந்து கிடக்கின்றன.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ‘பிடிப்பு எவ்வளவு பலமோ ஒழுங்கு அவ்வளவு நன்றாக வரும்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. விழுந்த இடத்திலேயே அசையாமல் ஒட்டிக்கொண்டால், விழுந்த கோலத்திலேயே உறைந்துபோகும், குப்பைதான் மிஞ்சும். ஒழுங்கு வர வேண்டுமானால் மூலக்கூறு நகர வேண்டும், தப்பான இடத்தில் உட்கார்ந்தால் எழுந்து வேறு இடம் தேட முடிய வேண்டும். படியில் அரிசி அளக்கும்போது நாலு தட்டு தட்டினால் மணிகள் இடம் மாறி நெருங்கி உட்காருமே, வெப்பம் இங்கே செய்வது அந்த வேலையைத்தான். தயோல் விஷயத்தில் கந்தகம் தங்கத்தை விட்டு எளிதில் போகாது, ஆனால் பரப்பின் மேல் பக்கவாட்டில் நகர முடியும். இது தற்செயலாக அமைந்த நல்ல பொருத்தம். இந்தப் பொருத்தம் இல்லாத சேர்க்கைகள்தான் அதிகம், அவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

ஏன் எப்போதும் தங்கம்? செலவு ஆகாதா?

தங்கம் காற்றில் ஆக்சைடு ஆகாது. அதுதான் முதல் காரணம், பாதிக் காரணமும் அதுவே. செம்பைத் திறந்த வெளியில் வைத்தால் நாம் தகட்டை எடுத்து நனைப்பதற்குள் அதன் மேல் ஆக்சைடு வந்துவிடும். அப்புறம் நாம் படிப்பது செம்பையா ஆக்சைடையா என்ற சந்தேகம் தீராது. வெள்ளி நடுவில் நிற்கிறது. அதன் மேல் தயோல் அழகாகவே அமையும், சாய்வும் சுமார் 10 டிகிரிதான், தங்கத்தை விட நிமிர்ந்து நெருக்கமாக நிற்கும். ஆனால் காற்றைப் பார்த்தால் அதற்கும் ஆகாது.

இன்னொரு வசதி, மைக்கா தகட்டின் மேல் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்தால் 111 என்று சொல்லப்படும் படிக முகம் தானாகவே மேலே வரும். அணுக்கள் அறுகோணமாக நெருங்கி அமைந்த தட்டையான முகம் அது. செலவைப் பொறுத்தவரை பயப்பட வேண்டாம். 100 நானோமீட்டர் கனத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தேவைப்படும் தங்கம் 0.2 மில்லிகிராம்தான். நகையைக் கொண்டுவந்து செய்து பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். 22 காரட்டில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும், பரப்பும் அணு அளவில் மேடு பள்ளம். வேண்டாம்.

தங்கம் மந்தமான உலோகம்தானே, கந்தகத்தோடு மட்டும் எப்படிச் சேருகிறது?

மென்மையான உலோகம் மென்மையான அணுவை விரும்பும் என்ற கனிம வேதியியலின் பழைய விதி இங்கே நன்றாகவே பொருந்துகிறது. ஆக்சிஜனைக் கண்டுகொள்ளாத தங்கம் கந்தகத்தை விடாது. தயோலில் கந்தகத்தோடு இருந்த ஹைட்ரஜன் கழன்றுவிடும், மிச்சமுள்ள தயோலேட் பரப்பைப் பிடித்துக்கொள்ளும். கழன்ற அந்த ஹைட்ரஜன் எங்கே போகிறது என்பது நெடுநாளாக நடக்கும் வாதம்.

இதைவிடச் சுவாரசியமான வாதம், கந்தகம் எந்த இடத்தில் உட்காருகிறது என்பது. ஆரம்பப் பாடநூல்களில் உள்ள படம் எளிமையானது: தட்டையான தங்கம், மூன்று தங்க அணுக்களுக்கு நடுவிலுள்ள குழியில் ஒரு கந்தகம், பக்கத்துக் கந்தகத்துக்கு 0.5 நானோமீட்டர் தூரம். அந்தத் தூரம் சரிதான், தங்க அணுக்களின் இடைவெளியான 0.288 நானோமீட்டரை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அதுதான் வரும். தவறியது தட்டையான தங்கம் என்ற அனுமானம். 2006இல் மீதைல் தயோலேட்டை எஸ்டிஎம் நுண்ணோக்கியில் (ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தை அளந்து படமாக்கும் கருவி) பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், இரண்டு தயோலேட்டுகள் நடுவில் ஒரு தங்க அணுவை மேலே இழுத்துவைத்துப் பிடித்திருப்பதைக் காட்டினார்கள். அதாவது மூலக்கூறு தங்கத்தின் மேல் போய் உட்காரவில்லை, தங்கத்திலிருந்து ஓர் அணுவைப் பிடுங்கி அதோடு சேர்ந்து நிற்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு புதிரும் விடுபடும். தயோல் படலத்தை எஸ்டிஎம்மில் பார்க்கும்போது அங்கங்கே சிறு பள்ளங்கள் தெரியும். மூலக்கூறு விட்டுப்போன ஓட்டைகள் என்று முதலில் நினைக்கத் தோன்றும். ஆழத்தை அளந்தால் 0.24 நானோமீட்டர், தங்கத்தின் ஒரே ஓர் அணுப்படியின் உயரம். பள்ளம் விழுந்தது படலத்தில் இல்லை, தங்கத்திலேயே. அந்தப் பள்ளங்களுக்குள்ளும் தயோல் ஒழுங்காகவே அமைந்திருக்கும்.

நடைமுறையில் எப்படிச் செய்கிறார்கள்?

ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிது. கண்ணாடி அல்லது சிலிக்கான் தகட்டில் முதலில் சில நானோமீட்டர் குரோமியம் அல்லது டைட்டானியம் படியவைப்பார்கள், தங்கம் நேராகக் கண்ணாடியில் ஒட்டாது என்பதால். அதன் மேல் தங்கம். எத்தனாலில் 1 மில்லிமோலார் தயோல் கரைசல் செய்து தகட்டை மூழ்கவைத்து, மூடி, இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். மறுநாள் எடுத்துச் சுத்தமான எத்தனாலில் நன்றாகக் கழுவி நைட்ரஜன் வாயுவில் உலர்த்தினால் முடிந்தது. 10 மில்லிலிட்டர் கரைசலில் இருக்கும் மூலக்கூறுகளில் பத்தாயிரத்தில் ஒன்றுகூட ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டுக்குச் செலவாகாது.

சிரமம் முழுக்கச் சுத்தத்தில்தான். பழைய தங்கத்தைக் கழுவ அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த ‘பிரானா’ கரைசலைப் பயன்படுத்துவார்கள். எத்தனாலோ அசிட்டோனோ மிச்சமிருக்கும் பாத்திரத்தில் அதை ஊற்றினால் வெடிக்கும். மூடி இறுக்கிய பாட்டிலில் வைத்தாலும் வாயு சேர்ந்து வெடிக்கும். அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. புதிதாகப் படியவைத்த தங்கத்தை உடனே பயன்படுத்தினால் அந்த வம்பே வேண்டியதில்லை.

இரவு முழுக்க ஏன்? சில நிமிடத்தில் ஒட்டிவிடாதா?

ஒட்டிவிடும். பரப்பின் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே மூடப்பட்டுவிடுகிறது. ஆனால் முதலில் வருபவை படுத்துக் கிடக்கும். ஆட்கள் கூடக்கூட எழுந்து நிற்க வேண்டி வரும், சங்கிலிகள் முறுக்கு நீங்கி நேராகும், சிறு சிறு கூட்டங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். இந்தச் சீரமைப்புக்குத்தான் மணிக்கணக்கில் ஆகிறது.

படலம் உருவாகியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மீதைல் முனை வெளியே நிற்கும் படலத்தில் தண்ணீர் முத்தாக நிற்கும், சேர்கோணம் (சொட்டின் ஓரம் பரப்போடு செய்யும் கோணம்) 110 டிகிரிக்கு மேல் வரும். முனையை ஹைட்ராக்சில் அல்லது கார்பாக்சில் தொகுதியாக மாற்றினால் அதே தண்ணீர் பரவிப்போகும், கோணம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஒன்றரை நானோமீட்டர் படலத்தின் கடைசி ஓர் அணுத்தொகுதி மாறினால் கண்ணுக்குத் தெரியும் அளவில் பரப்பின் குணமே மாறுகிறது. இந்தத் துறைக்கு ஆட்களை இழுத்தது பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் நல்ல சேர்கோணம் வந்தது என்பதற்காக ஒழுங்கு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அகச்சிவப்பு நிறமாலையில் மெத்திலீன் அதிர்வைப் பாருங்கள். 2918 அலையெண் அருகே வந்தால் சங்கிலிகள் படிகம் போல நேராக இருக்கின்றன, 2924ஐத் தாண்டிப் போனால் திரவம் மாதிரிக் கலைந்திருக்கின்றன. எக்ஸ்கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலையில் தங்கத்தோடு பிணைந்த கந்தகம் 162 எலக்ட்ரான்வோல்ட் அருகே வரும். 164 அருகே தெரிந்தால் பிணையாத தயோல் மிச்சமிருக்கிறது, கழுவியது போதாது. 168 பக்கம் தெரிந்தால் கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, தகடு பழசு.

வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதேதானா?

கந்தகமும் உலோகமும் சேருவது என்ற அளவில் உறவுதான். ஆனால் காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடால் வரும் கறுப்பு, வெள்ளி சல்பைடு. அது ஓர் அடுக்கோடு நிற்காது, வளர்ந்துகொண்டே போகும். தயோலில் கந்தகத்துக்குப் பின்னால் ஒரு கார்பன் வால் இருக்கிறது. முதல் அடுக்கு நிறைந்ததும் வெளியே தெரிவது வால்கள் மட்டும்தான், அடுத்த கந்தகம் பிடிக்க இடமில்லை. வெள்ளியை மெருகேற்றும் சில கலவைகளில் நீளச் சங்கிலித் தயோலைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

கந்தகமே இல்லாத மூலக்கூறுகளும் இப்படி அமையுமா?

அமையும். இங்கேதான் எஃகு அறைக்குள் வெற்றிடத்தில் வேலை செய்யும் இரண்டாவது கூட்டத்தின் உலகம் தொடங்குகிறது. பென்சீன் வளையங்கள் கொண்ட தட்டையான மூலக்கூறுகள் உலோகத்தின் மேல் படுத்துக்கொள்ளும். உலோகத்தோடு பிடிப்பு மிதமாக இருப்பதால் நகர்ந்து திரிய முடியும். ஒன்றையொன்று சந்திக்கும்போது ஓரங்களில் உள்ள தொகுதிகள் கைகோக்கும்.

டிரைமெசிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சீன் வளையம், 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள். ஒவ்வொன்றும் பக்கத்து மூலக்கூறின் அமிலத் தொகுதியோடு இரட்டை ஹைட்ரஜன் பிணைப்பு போடும். மூன்று திசையிலும் இப்படியே போனால் அறுகோண வலை வந்தே தீர வேண்டும். வருகிறது. துளைகள் சுமார் 1.1 நானோமீட்டர் அகலம், ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததற்கு 1.6 நானோமீட்டர்.

மூலக்கூறின் வடிவத்தை மாற்றி அமைப்பை முன்கூட்டியே தீர்மானிக்கலாம் என்பதை 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தங்கத்தின் மேல் பார்ஃபிரின் என்ற பெரிய வளைய மூலக்கூறை வைத்துக் காட்டினார்கள். பார்ஃபிரினின் ஓரத்தில் ஒரு சயனோ தொகுதி வைத்தால் மும்மூன்றாகச் சேர்ந்தன. பக்கம் பக்கமாக இரண்டு வைத்தால் நான்கு சேர்ந்து சதுரமாயின. எதிரெதிரே இரண்டு வைத்தால் நீளமான கம்பியாகக் கோத்துக்கொண்டன. இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வைச் சொல்லிக்கொடுக்க நேரம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். வடிவத்துக்கும் அமைப்புக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு பளிச்சென்று வேறெங்கும் தெரிவதில்லை.

ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பதில் உலோக அணுக்களையே இணைப்பாகப் போடலாம். இரு முனையிலும் நைட்ரைல் கொண்ட நீள மூலக்கூறுகளோடு கோபால்ட் அணுக்களை வெள்ளியின் மேல் தூவியபோது 5.7 நானோமீட்டர் அளவுத் துளைகள் கொண்ட வலை கிடைத்தது.

அதற்கு ஏன் அவ்வளவு கடுமையான வெற்றிடம்?

கணக்கு எளிது. ஒரு மில்லிபாரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்திலேயே, மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரு நொடியில் பரப்பை ஒரு முறை மூடப் போதும். அதையும் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கிடைக்கும்.

உலோகத்தை மாற்றினால் அமைப்பும் மாறுமா?

மாறும், சில சமயம் மூலக்கூறே மாறிவிடும். மேலே சொன்ன டிரைமெசிக் அமிலத்தையே செம்பின் மேல் அறை வெப்பநிலையில் விட்டால், செம்பு அதன் அமில ஹைட்ரஜனைக் கழற்றிவிடும். ஹைட்ரஜன் போனால் இரட்டைப் பிணைப்புக் கைகோப்பு ஏது? அறுகோண வலையும் போச்சு, வேறு அமைப்பு வரும். தங்கத்தில் அந்தப் பிரச்சினை இல்லை.

இன்னும் நுணுக்கமான உதாரணம் பிடிசிடிஏ என்ற பெரிலீன் சாயம். தங்கத்தின் 111 முகத்தில் அது 3.27 ஆங்ஸ்ட்ராம் உயரத்தில் கிடக்கிறது, வெள்ளியில் 2.86, செம்பில் 2.66. தங்கத்தின் மேல் அது கிட்டத்தட்ட வாண்டர்வால்ஸ் ஈர்ப்பால் மட்டும் கிடக்கிறது. வெள்ளி, செம்பில் எலக்ட்ரான் பரிமாற்றம் நடந்து நெருங்கிவிடுகிறது. ஒரே மூலக்கூறு, ஒரே 111 முகம், ஆனால் மூன்று வெவ்வேறு உறவுகள்.

எந்த எலக்ட்ரானும் கைமாறாவிட்டாலும் உலோகம் மாறுகிறது. உலோகத்தின் எலக்ட்ரான்கள் பரப்புக்கு வெளியே கொஞ்சம் வழிந்து நிற்கும். மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் அந்த வழிசலை உள்ளே தள்ளும், உலோகத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல், குறைந்துவிடும். கரிம டிரான்சிஸ்டர் செய்பவர்கள் உலோகத்தின் பாடநூல் மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறுவது இதனால்தான்.

எஸ்டிஎம் படத்தில் தெரிவது மூலக்கூறுதானா?

முழுசாக இல்லை. 1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் சூரிச் ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய இந்தக் கருவி (1986இல் நோபல் பரிசு) ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறது. தூரம் 0.1 நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையும், அதனால் நுட்பமாகத் தெரிகிறது. ஆனால் அது எலக்ட்ரான்களின் படம், உயரத்தின் படம் இல்லை. மின்னழுத்தத்தை மாற்றினால் அதே மூலக்கூறு வேறு மாதிரித் தெரியும். வெளிச்சமாகத் தெரியும் புள்ளியை ‘உயரமான இடம்’ என்று எழுதும் ஆய்வேடுகள் இன்னும் வருகின்றன.

எலும்புக்கூட்டையே பார்க்க வேண்டுமானால் அணுவிசை நுண்ணோக்கி வேண்டும். முனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்து, பென்டசீனின் ஐந்து வளையங்களையும் தெளிவாகப் படம்பிடித்தது அதே சூரிச் ஆய்வகம், 2009இல்.

வலது, இடது என்ற பேச்சு ஏன் வருகிறது?

தட்டையான ஒரு மூலக்கூறைக் காகிதத்தில் வெட்டிய எழுத்தாக நினைத்தால் போதும், மேசையில் இரண்டு விதமாக வைக்கலாம், ஒன்றை எடுத்துப் புரட்டிப் போடாமல் இன்னொன்றாக்க முடியாது. வெளியில் வலது இடது பேதமே இல்லாத மூலக்கூறுகூட உலோகத்தில் படுத்ததும் அந்தப் பேதத்தைப் பெற்றுவிடுகிறது. தங்கத்தின் மேல் நைட்ரோநாப்தலீன் பத்துப் பத்தாகக் கூடும், கூட்டங்களில் வலது வகையும் இடது வகையும் உண்டு. 1999இல் எஸ்டிஎம் ஊசியால் தள்ளியே அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். 1848இல் பாஸ்டர் டார்ட்டரேட் படிகங்களைக் கையால் பொறுக்கிப் பிரித்ததன் நானோ வடிவம் இது.

இந்த அமைப்புகளை நிரந்தரமாக்க முடியுமா?

ஹைட்ரஜன் பிணைப்பு வலைகள் சூடாக்கினால் கலையும். நிலைக்க வேண்டுமானால் சகப்பிணைப்பு போட வேண்டும். 2010இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிலையமும் ஜெர்மனியின் மைன்ஸ் நகர மேக்ஸ் பிளாங்க் நிறுவனமும் சேர்ந்து இதை அழகாகச் செய்தன. இரண்டு புரோமின் அணுக்கள் கொண்ட பைஆந்த்ரில் மூலக்கூறைத் தங்கத்தின் மேல் படியவைத்தார்கள். 200 டிகிரி செல்சியஸில் புரோமின் கழன்று, மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டன. 400 டிகிரியில் ஹைட்ரஜன்கள் வெளியேறி, வளையங்கள் மூடிக்கொண்டு, ஏழு கார்பன் அகலக் கிராஃபீன் நாடா ஆகிவிட்டது. ஓரம் ஓர் அணுகூடப் பிசகாத நாடா. பெரிய கிராஃபீன் தாளை வெட்டி இதைச் செய்யவே முடியாது.

இங்கே பரிமாற்றம் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பில் தப்பு நடந்தால் திருத்திக்கொள்ளலாம், சகப்பிணைப்பில் முடியாது. அதனால் நாடா, கம்பி நன்றாக வரும், பெரிய இருபரிமாண வலைகள் ஓட்டையும் கோணலுமாக வரும். இன்னொரு தொல்லை, புரோமினைக் கழற்றத் தங்கம் வேண்டும், ஆனால் டிரான்சிஸ்டர் செய்யத் தங்கம் கூடாது, எல்லா மின்சாரமும் அதன் வழியே போய்விடும். நாடாவை உரித்து மின்கடத்தாப் பொருளின் மேல் மாற்றியாக வேண்டும்.

தயோல் படலம் எவ்வளவு நாள் தாங்கும்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. காற்றிலும் வெளிச்சத்திலும், குறிப்பாக ஓசோன் இருந்தால், கந்தகம் சல்போனேட்டாக மாறி ஒட்டு விட்டுப்போகும். சூடும் ஆகாது, 70 டிகிரியைத் தாண்டினாலே மெல்லக் கழலத் தொடங்கும். காரக் கரைசலில் எதிர்மின்னழுத்தம் கொடுத்தும் மொத்தமாக உரித்துவிடலாம். இருட்டில் நைட்ரஜனில் வையுங்கள், முடிந்தால் செய்த கையோடு அளந்துவிடுங்கள்.

இதனால் நடைமுறையில் என்ன பயன்?

பழைய பயன்தான் பெரிய பயன். செம்பை அரிப்பிலிருந்து காக்கும் பென்சோட்ரையசோல், குளிர்விப்பு நீர்க் குழாய்களில் தொடங்கி அருங்காட்சியக வெண்கலங்கள் வரை பயன்படுகிறது. வெண்கலப் பொருட்களைப் பாதுகாக்க அதைப் பயன்படுத்தும் முறை 1967இல் வெளியானது. அதுவும் செம்பு அணுக்களை இழுத்துச் சேர்த்துக்கொண்டுதான் பரப்பில் சங்கிலி கட்டுகிறது, தயோல் தங்கத்தில் செய்வது மாதிரியே.

உயிரி உணரிகளில் தங்கத் தகட்டின் மேல் தயோல் வழியாக டிஎன்ஏவையோ புரதத்தையோ நட்டுவைப்பது இன்று சாதாரண வேலை. எத்திலீன் கிளைக்கால் வால் கொண்ட தயோல் படலத்தில் புரதம் ஒட்டாது என்று 1991இல் ஹார்வர்டில் காட்டினார்கள், தேவையில்லாதது ஒட்டாமல் தடுக்க அது உதவுகிறது. சமீபத்தில் சூரிய மின்கலங்களில் இந்தக் கருத்து பெரிதாக வந்திருக்கிறது. 2020இல் பெர்லின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையம் 29.15 சதவீதத் திறனை எட்டிய பெரோவ்ஸ்கைட்–சிலிக்கான் கலத்தில், கார்பசோல் மூலக்கூறுகளின் ஒற்றையடுக்கு இருந்தது. ஆனால் அது உட்கார்ந்திருப்பது ஆக்சைடின் மேல், ஒட்டவைப்பதும் கந்தகம் இல்லை, பாஸ்போனிக் அமிலம்.

ஒற்றை மூலக்கூறால் கணினி செய்வோம் என்று 1974 முதல் பேசுகிறார்கள். இயற்பியலைக் கற்றுக்கொள்ள அந்த முயற்சிகள் உதவின. பொருளாக எதுவும் வந்துவிடும் என்று அதை நம்பி முனைவர் பட்டத் தலைப்பு எடுக்காதீர்கள்.

யார் கண்டுபிடித்தது?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. தண்ணீரின் மேல் ஒற்றையடுக்கை 1891இலேயே ஆக்னஸ் பாக்கல்ஸ் தன் வீட்டுச் சமையலறையில் அளந்தார். லாங்முயரும் கேத்தரின் பிளாட்ஜெட்டும் அதைத் திடப்பொருளுக்கு மாற்றும் முறையை வளர்த்தார்கள், ஆனால் அதில் படலத்தை நாம் அழுத்தி இழுத்து ஏற்றுகிறோம், அது தானாக அமைவதில்லை. தானாக அமைவதை 1946இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் சிஸ்மன் குழு பிளாட்டினத்திலும் கண்ணாடியிலும் பார்த்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980இல் சாகிவ் கண்ணாடியில் சிலேன், 1983இல் பெல் ஆய்வகத்தில் நுஸ்ஸோவும் அல்லாராவும் தங்கத்தில் டைசல்பைடு, அப்புறம் ஹார்வர்டில் வைட்சைட்ஸ். இந்த நால்வருக்கும் 2022இல் காவ்லி பரிசு கிடைத்தது.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியுமா?

தயோல்–தங்கம் வழி முடியும். தங்கம் படியவைத்த தகடு, எத்தனால், டோடெகேன்தயோல், மூடியுள்ள கண்ணாடிப் புட்டி போதும். சொட்டின் கோணத்தைப் பக்கவாட்டில் கைபேசியால் படமெடுத்து இலவச மென்பொருளில் அளக்கலாம். ஒரு தகட்டைத் தயோல் இல்லாத எத்தனாலில் ஊறவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், அது இல்லாமல் முடிவுக்கு மதிப்பில்லை. வெறும் தங்கம்கூடக் காற்றிலுள்ள அழுக்கைப் பிடித்து 60, 70 டிகிரி காட்டும், அதைப் பார்த்துப் படலம் பாதி வந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. தயோலைப் புகைவெளியேற்றிக்குள் மட்டும் திறங்கள், நாற்றம் கட்டடம் முழுக்கப் பரவும், பக்கத்துத் துறையிலிருந்து எரிவாயு கசிகிறதா என்று கேட்டு ஆள் வருவார்கள். பயன்படுத்திய கையுறையையும் தாளையும் பிளீச்சிங் கரைசலில் போட்டுவைத்தால் நாற்றம் அடங்கும்.